உச்சந்தலையில் மூன்று பூச்சு

வீரணன் பேச்சை நிறுத்தியபோதுதான் எனக்கு முதல் பயம் வந்தது.

வீரணன் காரைக்குடியில் சலூன் வைத்திருப்பவர். அவருடைய கத்திரி நிற்கும், சீப்பு நிற்கும், கரண்ட் போனால் தலைக்கு மேல் சுற்றும் விசிறியும் நிற்கும். வாய் நின்று யாரும் பார்த்ததில்லை. அன்று என் கழுத்தைக் குனியவைத்துக்கொண்டு, சாக்கோட்டையில் யாரோ வாங்கிய உழவு மாட்டுக்கு ஒரு கொம்பு மட்டும் ஏன் கோணலாக இருக்கிறது என்பதை விளக்கிக்கொண்டிருந்தார். “அதுக்கு என்ன காரணம்னா தம்பி...” என்றார். அத்தோடு சரி. காரணம் வரவில்லை.

“என்னண்ணே?”

“ஒண்ணுமில்ல தம்பி.”

ஒன்றுமில்லை என்று ஒருவர் உரக்கச் சொன்னால் ஒன்றுமில்லை. மெதுவாகச் சொன்னால் நிச்சயம் இருக்கிறது.

வீரணன் கைக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். வழக்கமாக அவர் அதைத் துடைப்பதில்லை. “மனசத் திடப்படுத்திக்கிருங்க” என்று சொல்லி என் தலைக்குப் பின்னால் பிடித்தார். முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி. இரண்டுக்கும் நடுவில், பிறந்ததிலிருந்து என்னோடு இருந்தும் நான் பார்த்தேயிராத என் உச்சந்தலை தெரிந்தது. அதில் ஒரு நாலணா அளவுக்கு வட்டமாக முடி இல்லை. காம்பஸ் வைத்து வரைந்ததுபோல வட்டம். உரித்த நுங்கு மாதிரி வழவழவென்று பளபளத்தது.

“புழுவெட்டு” என்றார் வீரணன். “கல்யாணம் என்னைக்கு?”

“இன்னும் பதினெட்டு நாள்ல.”

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். எண்ணி முடித்ததும் சீப்பை எடுத்து, மேலே இருந்த முடியை அந்த வட்டத்தின் மேல் வழித்துவிட்டார். பிணத்தைத் துணியால் மூடுவதுபோல இருந்தது.

1972 வைகாசி அது. பி.ஏ. கடைசிப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். எழுதியவனுக்கு வேலை கிடைக்க நாளாகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெண் உடனே கிடைத்துவிட்டாள். சாக்கோட்டை முத்தையா பத்தர் மகள் மீனாம்பிகை. அவர் தங்க வேலை; என் அப்பா கோட்டைச்சாமி ஆசாரி மர வேலை. இரண்டு வீட்டுக்கும் இரண்டு தலைமுறையாகப் பழக்கம்.

பெண் பார்க்கப் போனபோது காப்பி கொண்டுவந்து வைத்த மீனாம்பிகை போகாமல் நின்றாள். “காலேஜ் மலர்ல, வழுக்கத் தலையால நாட்டுக்கு என்னென்ன பிரயோசனம்னு எழுதுனது நீங்கதானா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “எங்க தெருவுல எல்லாத்துக்கும் படிச்சுக் காட்டுனேன்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் பத்துக் கட்டுரை எழுதத் தயாராக இருந்தேன். அன்றிலிருந்து எனக்கு வேறு பெண் என்று ஒன்று உலகத்தில் இல்லை. அந்தக் கட்டுரையில், உச்சியில் வழுக்கை விழுந்தவர்கள் மழைக்காலத்தில் நீர்மட்டம் அளக்க உதவுவார்கள் என்று எழுதியிருந்தேன். இப்போது அந்த வரி எனக்கு அவ்வளவு நன்றாகப் படவில்லை.

ஆனால் நான் பயந்தது கட்டுரைக்காக இல்லை. எண்ணெய் வைப்புக்காக.

எங்கள் கூட்டத்தில் கல்யாணத்துக்கு முதல் நாள் காலை மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைப்பார்கள். பெண் வீட்டு முற்றத்தில் பலகை போட்டு உட்காரவைத்து, பெண் வீட்டுச் சுமங்கலிகள் ஏழு பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து, அறுகம்புல்லால் எண்ணெயைத் தொட்டு உச்சியில் வைத்து, ஐந்து விரலாலும் அழுத்தித் தேய்ப்பார்கள். அதற்குப் பெயர் வாழ்த்து. பெயர்தான் வாழ்த்து, ஏழு பேரும் பார்ப்பது பரீட்சை. மறுநாள் முகூர்த்தத்தன்று தாய்மாமன் என் தலையில் உருமாத் தலைப்பாகை கட்டிவிடுவார். அதற்குள் ஆலமரமே முளைத்திருந்தாலும் வெளியே தெரியாது. ஆக, தாண்ட வேண்டியது ஒரே ஒரு காலை நேரம். ஏழு ஜோடிக் கைகள்.

அந்த ஏழில் முதல் ஜோடி ஆயி அத்தையுடையது. ஆயி அத்தை முத்தையா பத்தரின் அக்கா. இரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய கொழுந்தன் மகளுக்குத் தேவகோட்டையிலிருந்து மாப்பிள்ளை வந்தான். எண்ணெய் வைத்த ஆயி அத்தை அவன் காதை மடக்கிப் பார்த்தார். காதுக்குப் பின்னால் துவரம்பருப்பு அளவில் ஒரு வெளுத்த புள்ளி. “மாப்ளைக்கு இங்குட்டு வெள்ள விழுந்திருக்கு” என்று, வெண்குஷ்டம் என்ற அர்த்தத்தில், முற்றத்துக்கே கேட்கும்படி சொன்னார். அன்று மத்தியானம் பந்தல் கம்புகளை வண்டியில் ஏற்றினார்கள். வாசலில் கட்டிய வாழை மரங்களைப் பக்கத்து வீட்டு மாடு தின்றது. அது இரண்டு மரத்தையும் தின்று முடிக்க எவ்வளவு நேரமாயிற்று என்பதுவரை ஊரில் சொல்வார்கள். அந்த மாப்பிள்ளை இப்போது என்ன செய்கிறான் என்று யாரும் சொல்வதில்லை.

வைத்தியம் பார்த்தேன். வீரணன் சொன்னபடி சின்ன வெங்காயத்தை நறுக்கி வட்டத்தில் தேய்த்தேன். காலை இரண்டு, மாலை இரண்டு. எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று நினைத்து நான்காக்கினேன். “கால் படி வெங்காயம் வாங்குனேன், எங்கடா போச்சு?” என்று அம்மா தேடினாள். அப்பா என் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்து, மோந்து பார்த்துவிட்டு, “இன்னைக்கு வெங்காயக் குழம்பா?” என்றார். இலையில் மோர்க்குழம்பு இருந்தது.

வாங்கிய புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் கல்லூரி நூலகத்துக்குப் போய், ஒரு தடித்த இங்கிலீஷ் மருத்துவ அகராதியை எடுத்துத் தூணுக்குப் பின்னால் நின்று படித்தேன். முடி வட்டமாக உதிர்வதற்குக் காரணம் சரியாகத் தெரியவில்லை, கவலையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று போட்டிருந்தது. அதைப் படித்த நிமிஷத்திலிருந்து, நான் கவலைப்படுகிறேனோ என்று கவலைப்பட ஆரம்பித்தேன். அடுத்த பத்தியில், சிலருக்குத் தலை முழுவதும், புருவமும்கூடப் போய்விடும் என்று இருந்தது. புத்தகத்தை மூடிவிட்டேன். வீட்டுக்கு நடந்து வரும்போது இரண்டு முறை புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எதிரே வந்த ஒரு வாத்தியார் நான் சலாம் போடுகிறேன் என்று நினைத்துத் தலையசைத்தார்.

காலையில் எழுந்ததும் தலையணையைப் பார்ப்பேன். விழுந்த முடிகளைப் பொறுக்கி ஒரு தீப்பெட்டியில் போட்டுவைத்தேன். பத்து நாளில் வட்டம் நாலணாவிலிருந்து எட்டணா ஆயிற்று.

கடைசியில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெஞ்சில் எனக்கு முன்னால் ஒன்பது பேர். ஒன்பதாவது ஆள் திரும்பினார். ஆயி அத்தை.

“அட, மாப்ளையா? என்ன இங்குட்டு?”

“சும்மா... கூடப் படிக்கிறவன் ஒருத்தனப் பாக்க வந்தேன் அத்தை.”

“ஒடம்புக்கு என்னவாம்?”

“காச்சல்.”

“எந்தக் கட்டில்ல கெடக்கான்?”

“வீட்டுக்குப் போயிட்டான்.”

“இல்லாதவனப் பாக்கவா வந்தீக?” என்று கேட்டுவிட்டு, முழங்காலைத் தடவிக்கொண்டே என்னை மேலிருந்து கீழே பார்த்தார். மேலிருந்துதான் பார்த்தார். அவர் கண் என் நெற்றிக்கு மேலே ஒரு கணம் நின்றது. நான் கும்பிட்டேன், கும்பிடுவதற்குத் தலையைக் குனிய வேண்டும் என்பது குனிந்த பிறகுதான் உறைத்தது. விருட்டென்று நிமிர்ந்தேன். “பாத்து, பாத்து. கழுத்து சுளுக்கிக்கிரும்” என்றார் ஆயி அத்தை.

டாக்டரைப் பார்க்காமலே ஓடி வந்துவிட்டேன்.

எண்ணெய் வைப்புக்கு முதல் நாள் மத்தியானம், என்கூடப் படித்த இராமுவிடம் விஷயத்தைச் சொன்னேன். மீனாட்சி சத்தியமாக யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சொல்லவைத்த பிறகு தலையைக் காட்டினேன். இராமு விவசாயக் குடும்பம். வட்டத்தைச் சுற்றி நடந்து பார்த்தான்.

“மாப்ள, எங்க வயல்ல எலி வெட்டுன எடம் இப்படித்தான்டா இருக்கும்.”

“யோசன சொல்லுடான்னா...”

“நாங்க நாத்துப் பிடுங்கி நடுவோம். ஒந்தலையில முடியுமா?”

அவன் அதைச் சொன்னபோது நாங்கள் நின்றது எங்கள் வீட்டுப் பின்கட்டில், அப்பாவின் பட்டறையில். அப்பா ஒரு பங்களாவில் நிலைக்கதவுக்கு மெருகு போடப் போயிருந்தார். மூலையில், தேக்குத் தூணுக்குக் கறுப்பு ஏற்றுகிற பாலீஷ் ஒரு சட்டியில் இருந்தது. அவல் மாதிரித் தட்டைச் செதிலாக வரும் அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைத்து, விளக்குக் கரி சேர்த்தது. அதைப் பார்த்தேன். என் தலைமுடியின் கறுப்பும் அந்தக் கறுப்பும் ஒன்றாகவே இருந்தன.

நான் ஆசாரி மகன். அவலரக்கு எண்ணெய்க்குக் கரையாது, ஸ்பிரிட்டுக்குத்தான் கரையும் என்பது எனக்குப் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தெரியும். ஏழு பேரும் வைக்கப்போவது எண்ணெய். மாப்பிள்ளை தலையில் ஸ்பிரிட் ஊற்றும் வழக்கம் எந்தக் கூட்டத்திலும் இல்லை. பதினாறு நாளில் முதல் தடவையாக நெஞ்சு கொஞ்சம் லேசாயிற்று.

இராமு பஞ்சைத் துணியில் சுருட்டி, சட்டியில் தோய்த்து, வட்டத்தில் ஒற்றினான். வெங்காயம் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாகியிருந்த தோலில் ஸ்பிரிட் பட்டது. நான் உளிப் பிடியைக் கடித்துக்கொண்டேன்.

“செத்துட்டியா?”

“இன்னொரு பூச்சுப் போடு.”

“காய வேணாமா?”

“விசுறு.”

மூன்று பூச்சுப் போட்டான். அப்பா கதவுக்கு எவ்வளவு போடுவாரோ அவ்வளவு. காய்ந்த பிறகு மெல்லிய தூரிகையால் முடி மாதிரி கோடு கோடாக இழுத்தான். பத்தடி தள்ளி நின்று பார்த்தான். “தத்ரூபம்டா” என்றான். பிறகு கிட்டே வந்து பார்த்து, “பத்தடிக்கு அங்குட்டே நிக்கச் சொல்லு” என்றான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு சாக்கோட்டையில், முத்தையா பத்தர் வீட்டு முற்றத்தில், பலகையில் உட்கார்ந்திருந்தேன். பந்தல் போட்டிருந்தது. வாசலில் இரண்டு வாழை மரம். பக்கத்து வீட்டில் மாடு கட்டியிருந்தது; அதை நான் வந்து இறங்கியதுமே பார்த்துவிட்டேன். வீரணன் எனக்கு மாப்பிள்ளைச் சவரம் முடித்து ஓரமாக நின்றார். முகத்தை மழித்தபோது அவர் பார்வை ஒரு தடவை உச்சிக்குப் போயிற்று. கத்தி நின்றது. என் கண்ணைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை.

எண்ணெய் வைத்த பிறகு முகூர்த்தம்வரை பெண் மாப்பிள்ளையைப் பார்க்கக்கூடாது என்பதால் மீனாம்பிகை உள்ளே இருந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. இடுக்கில் ஒரு மஞ்சள் சேலை ஓரம் தெரிந்தது.

ஆயி அத்தை முதலில் வந்தார். அறுகம்புல்லை எண்ணெயில் முக்கி உச்சியில் வைத்தார். ஐந்து விரலும் இறங்கின. நான் கண்ணை மூடிக்கொண்டேன். விரல்கள் வலமாக ஒரு சுற்று. இடமாக ஒரு சுற்று. நின்றன.

“என்ன மாப்ள, இந்த எடம் மட்டும் வழவழன்னு இருக்கு?”

“எண்ணெய் அத்தை.”

“எண்ணெய் நான்தான வச்சேன். எனக்குத் தெரியாதா?”

“சின்ன வயசுல விழுந்த தழும்பு.”

“தழும்புன்னா சொரசொரன்னுல்ல இருக்கும்?”

பின்னாலிருந்து யாரோ, “சீக்கிரம் வைங்கக்கா, ராவுகாலம் வந்திரும்” என்றார்கள். ஆயி அத்தை கையை எடுத்தார். விரலை மோந்து பார்த்தார். சேலையில் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்.

அடுத்தடுத்து ஆறு பேர். ஒவ்வொருவர் கையும் பட்டபோது உயிர் ஒரு படி இறங்கி ஏறியது. அவலரக்கு அசையவில்லை. அப்பா கலந்த பாலீஷ் அல்லவா. ஏழாவது கை எடுத்ததும் மூச்சை விட்டேன். தாண்டிவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது ஆயி அத்தை வெந்நீர் அண்டாவை இழுத்துவரச் சொன்னார்.

எண்ணெய் வைத்தால் முழுக்காட்ட வேண்டும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. எண்ணெயைப் பற்றியே பதினேழு நாள் நினைத்துக்கொண்டிருந்ததில் தண்ணீரை நினைக்கவில்லை. எங்கள் வீட்டில் பாலீஷ் போட்ட பெஞ்சில் சூடான காப்பி டம்ளரை வைத்துவிட்டு அம்மாவிடம் அடி வாங்காத நாள் கிடையாது. வைத்த இடம் வட்டமாக வெள்ளை பூத்துப்போகும். அவலரக்குக்கு வெந்நீர் ஆகாது. ஆசாரி வீட்டில் தவழ்கிற பிள்ளைக்கும் அது தெரியும். பி.ஏ. எழுதிய பிள்ளைக்கு அது முதல் செம்பு தலையில் விழுந்த பிறகு ஞாபகம் வந்தது.

“போதும் அத்தை” என்றேன்.

“ஒரு செம்புல போதுமா? பிசுக்குப் போக வேணாம்?”

இரண்டாவது செம்பு. மூன்றாவது. சீயக்காய்த் தூளைப் போட்டுத் தேய்த்தார். நான்காவது செம்பு விழுந்து முடி வழிந்து ஒதுங்கியபோது பின்னால் ஒரு அம்மாள், “ஆத்தாடி!” என்றார்.

ஆயி அத்தையின் கையிலிருந்த செம்பு அண்டா விளிம்பில் இடித்தது.

“வெள்ள” என்றார். “உச்சியில வெள்ள பூத்துருக்கு. பாருங்க, நான் பாக்கையிலேயே பூத்துச்சு.”

பெண்கள் எல்லாரும் இரண்டடி பின்வாங்கினார்கள். எண்ணெய் வைத்த ஏழு பேரும் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்டாவுக்கு ஓடினார்கள். நான் நனைந்த வேட்டியோடு பலகையில் உட்கார்ந்திருந்தேன். வைகாசி வெயிலில் எனக்குப் பல் கிட்டியது. கதவிடுக்கில் மஞ்சள் சேலை ஓரத்தைக் காணோம்.

ஆண்கள் வந்தார்கள். முத்தையா பத்தர் முன்னால். என் அப்பா பின்னால். அப்பாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. என் மகனுக்கா என்று கேட்பதுபோல வந்தார். குனிந்து பார்த்தார். பார்த்தவர் கொஞ்சம் நின்றார். கட்டைவிரல் நகத்தால் வெள்ளையின் ஓரத்தை நெம்பினார். ஒரு செதில் கழன்று வந்தது. மோந்து பார்த்தார்.

“இது வெள்ளையுமில்ல ஒண்ணுமில்ல” என்றார். “அவலரக்கு.”

“என்னது?” என்றார் முத்தையா பத்தர்.

“பாலீஷ், சம்பந்தி. கரி சேத்தது. மூணு பூச்சு. நல்லாத்தான் ஏத்தியிருக்கான்.”

கடைசி வாக்கியத்தில் தொழில்காரனின் திருப்தி ஒரு துளி இருந்தது. அது வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் அப்பாவுக்கு அடுத்த விஷயம் புரிந்தது. செதில் கழன்ற இடத்தைப் பார்த்தார். அங்கே முடி இல்லை.

முத்தையா பத்தரும் பார்த்தார். இடுப்பிலிருந்து, நகைக்கு வைத்துப் பார்க்கிற சின்னப் பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, என் உச்சியை முழு நிமிஷம் பார்த்தார். கண்ணாடியை எடுத்துவிட்டு, “தம்பி” என்றார்.

நேற்றுவரை நான் மாப்ள.

“தம்பி, முப்பது வருசமா நெருப்புக்கு முன்னால ஒக்காந்திருக்கேன். நகையில பொத்தல் விழுகும், ஒட்டு விடும். இன்ன எடத்துல ஒட்டு இருக்குன்னு சொல்லித்தான் குடுப்பேன். மேல பூசிக் குடுக்கிறவனுக்கு எங்க தொழில்ல வேற பேரு. சொட்ட விழுந்ததுக்கு நான் ஒண்ணும் கேக்கல. பூசுனது எதுக்குன்னு கேக்குறேன். ஒங்க அப்பாவுக்குத் தெரியுமா?”

அப்பா வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. என்னைக் காப்பாற்றத் தெரியும் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

“தெரியாது” என்றேன். “நானாத்தான் பூசுனேன். பயமா இருந்துச்சு.”

“யாருகிட்டப் பயம்?”

ஆயி அத்தையைக் கைகாட்டலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஏதாவது வேடிக்கையாகச் சொல்லித் தப்பிக்கலாம் என்றும் தோன்றியது. வேடிக்கை ஒன்றும் வரவில்லை.

“ஒங்க பொண்ணு என்னைய வேணாம்னு சொல்லிருமோன்னு.”

“வேணாம்னுதான் சொல்லப்போகுது” என்றார் ஆயி அத்தை. “ஆஸ்பத்திரியில பாக்கையிலயே நெனச்சேன். இல்லாதவனப் பாக்கப் போனவருக்கு இருக்கிறதச் சொல்ல வாயி வரல.”

முத்தையா பத்தர் வாசல் பக்கம் திரும்பினார். “ஆசாரியாரே, நீங்க நல்ல மனுசன். இருந்தாலும்...” என்று என் அப்பாவிடம் ஆரம்பித்தார். சம்பந்தி என்கிற சொல்லும் போய்விட்டது. பந்தல்காரன் தூணோரமாக வந்து நின்று, உத்தரவுக்காகப் பார்த்தான். பக்கத்து வீட்டு மாடு கத்தியது. அது ஏன் அந்த நேரம் பார்த்துக் கத்த வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

“அப்பா” என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “அவுககிட்ட நான் கேக்கணும்.”

“உள்ள போடி” என்றார் ஆயி அத்தை. “எண்ணெய் வச்ச மாப்ளையப் பாக்கக்கூடாது.”

“பாக்கல அத்தை. கேக்கத்தான் போறேன்.”

பத்தர் தடுக்கவில்லை.

“அது தொத்துமா?” என்று கேட்டாள் மீனாம்பிகை.

“தெரியல” என்றேன். ஒரு கேள்விக்கு அந்த ஒரு சொல்லை மட்டும் பதிலாகச் சொன்னது எனக்கு அதுதான் முதல் தடவை.

வீரணன் ஓரத்திலிருந்து ஓர் அடி முன்னால் வந்தார். “தொத்தாது தாயி. நாப்பது வருசமா இந்தக் கையால எத்தன புழுவெட்டுத் தலைய வெட்டியிருக்கேன். எனக்குத் தொத்துச்சா? பாருங்க” என்று குனிந்து தன் தலையைக் கதவுக்குக் காட்டினார்.

“திரும்ப மொளைக்குமா?”

“மூணு மாசம், ஆறு மாசத்துல மொளச்சிரும் தாயி. சில பேருக்கு...” வீரணன் பேச்சை நிறுத்திவிட்டார். இந்த மனிதர் பேச்சை நிறுத்துவதை நான் வெறுத்தேன்.

“மொளைக்காட்டி? இன்னும் பெருசாச்சுன்னா? அப்பவும் பூசுவீகளா?”

“பூசமாட்டேன்.”

“வழுக்கத் தலையப் பத்தி எழுதி ஊரையே சிரிக்க வச்சீக. ஒங்க தலைக்குன்னு வந்தா மட்டும் பாலீஷா?”

சீயக்காய்த் தண்ணீர் கண்ணில் இறங்கி எரிந்தது. துடைத்தால் அழுகிறேன் என்று நினைப்பார்கள் என்று துடைக்காமல் இருந்தேன். துடைக்காததால் அழுதேன்.

“வேற என்னத்தையாச்சும் பூசி வச்சிருக்கீகளா? இப்பவே சொல்லிருங்க.”

யோசித்தேன். “பரீட்சையில ஃபர்ஸ்ட் கிளாஸ் வரும்னு சொல்லியிருந்தேன்” என்றேன். “வராது.”

“எங்கிட்டயும் அதத்தானடா சொன்ன!” என்றார் அப்பா. யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டு, சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். முத்தையா பத்தர் சிரிக்கவில்லை.

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. பந்தல்காரன் கால் மாற்றி நின்றான்.

“அப்பா, அதச் சுரண்டி எடுத்துட்டு, இருக்கிறபடி ஒக்காரச் சொல்லுங்க” என்றாள் மீனாம்பிகை. “அத்தை திரும்ப எண்ணெய் வைக்கட்டும். இருக்கிறதுக்கு வைக்கட்டும்.”

முத்தையா பத்தர் சரி என்று சொல்லவில்லை. தன் நகைப் பட்டறைக்குள் போனார். ஒரு புட்டியில் ஸ்பிரிட்டும் கொஞ்சம் பஞ்சும் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்துவிட்டு, இரண்டடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இன்னும் அவர் மனம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

அப்பா துடைத்தார். வெங்காயம், ஸ்பிரிட், வெந்நீர், மறுபடி ஸ்பிரிட். நான் சத்தம் போடவில்லை. கறுப்பு நுரைத்து வந்தது. உச்சியை முடித்து, வழிந்திருந்த கரியைத் துடைத்துக்கொண்டே அவர் விரல் இடது காதுக்கு மேலே வந்தது. நின்றது.

“டேய்” என்றார், எனக்கு மட்டும் கேட்க. “இங்குட்டு இன்னொண்ணு.”

“என்னது?”

“சின்னதுதான். பட்டாணி அளவு. இதுலயும் பூசுனியா?”

“இல்லப்பா. இது எனக்கே தெரியாது.”

அப்பாவின் விரல் அங்கேயே இருந்தது. சுற்றிலும் பார்த்தார். பத்தர் முதுகு காட்டி நின்றார். ஆயி அத்தை கிண்ணத்தில் புது எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். எண்ணெய் வைப்பது உச்சியில். காதுக்கு மேலே யாரும் பார்க்கப்போவதில்லை. நாளைக்கு உருமா. அப்பா மெதுவாக மேல்முடியை இழுத்து அந்த இடத்தின் மேல் விட்டு, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் பயம்.

பதினேழு நாளும் சேர்ந்து பயந்ததைவிட அந்த ஒரு நொடியில் அதிகம் பயந்தேன். அகராதியின் அடுத்த பத்தி, புருவம், தேவகோட்டை மாப்பிள்ளை எல்லாம் வரிசையாக வந்தன. ஒன்று என்றால் மன்னித்துவிட்டாள். இரண்டு என்றால்?

“இன்னொண்ணும் இருக்கு!” என்று கத்தினேன்.

முற்றம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அப்பா சுட்டதுபோலக் கையை எடுத்தார். ஆயி அத்தை எண்ணெய்க் கிண்ணத்தோடு நெற்றியில் அடித்துக்கொண்டார். எண்ணெய் அவர் மூக்கில் வழிந்தது. முத்தையா பத்தர் மெல்லத் திரும்பி, என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

உள்ளே வளையல் சத்தம் நின்றுவிட்டது. என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பலகையில் விழுந்தது. பதினோராவது சொட்டுவரை எண்ணினேன்.

“அப்பா” என்றாள் மீனாம்பிகை. “எத்தனைன்னு நல்லா எண்ணிட்டு, மொத்தமாச் சொல்லச் சொல்லுங்க மாப்ளைய.”

முத்தையா பத்தர் இடுப்பிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். “எண்ணுங்க சம்பந்தி” என்றார்.

அப்பா என் தலையைக் குனியவைத்துப் பிடரியிலிருந்து தொடங்கினார்.